சவ வண்டிக்கு ஒரு வாசல்

சவ வண்டியும் புகை விடாமல் ஓட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது முதலில் சிரித்தவர் ஒர்க்‌ஷாப் மாமா. "உள்ள படுத்திருக்கிறவரும் புகை விடப்போறதில்ல, வண்டியும் விடாது. பொருத்தம்தான்!"

நகரம் நிகர பூஜ்ஜிய உமிழ்வுக்கு மாறிக்கொண்டிருந்தது. சின்னத் தொழில்காரர்களின் டீசல் வண்டிக்கு இனி உள்ளே இடமில்லை. சவம் ஏற்றிப் பிழைக்கும் அவன் மின்சார வண்டி வாங்கினான்.

பழைய வண்டி தெருமுனையில் உறுமும்போதே இழவு வீடு தயாராகிவிடும். இது பூனை மாதிரி வந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றது.

சார்ஜ் போட அரை நாள் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். பொது நிலையத்தில் அதைக் கண்டதும் மற்ற வண்டிகள் கிளம்பிப் போயின. காவலாளி 'மெஷின் ரிப்பேர்' என்று அட்டை மாட்டிவிட்டார்.

"என் ஒர்க்‌ஷாப் வாசல்ல போடுறா மாப்ள. எனக்கென்ன பயம்?" என்றார் மாமா. சார்ஜ் ஏறியதும் கிடைத்த முதல் சவாரி அவர்தான். நெஞ்சு வலி.

தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்து மளிகைக்கடை வாசலில் போட்டான். அடுத்த சவாரி, கடைக்காரரின் தம்பி. அதன்பின் அவனைக் கண்டாலே ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

மிச்சமிருந்தது அவன் வீட்டு வாசல். உள்ளே நிறைமாத மனைவி.

"நம்ம வீட்டுலயே போடுங்களேன்."

"அந்தப் பேச்சையே எடுக்காத."

"வண்டி நின்னா அடுப்பும் நிக்கும். புள்ளைக்குக் காத்தையா ஊட்டப் போறீங்க?"

தொழிலில் பாதி அவளுடையது, வண்டியும் ஓட்டுவாள். அவன் வண்டியைத் தெருமுனையில் விட்டு, சாவியை வீட்டில் வைத்துவிட்டு, இடம் கேட்டு நடந்தே அலைந்தான். யாரும் தரவில்லை. உச்சி வெயிலில் திரும்பினான்.

வண்டி அவன் வாசலில் நின்றது. படுக்கையறை ஜன்னலிலிருந்து வந்த ஒயர் அதில் சொருகியிருந்தது. பச்சை விளக்கு மினுக்கியது. அவன் ஒயரை நோக்கிப் பாய்ந்தான்.

"பிடுங்காதீங்க," என்றாள் மனைவி, படியில் உட்கார்ந்தபடி. "முக்கால்வாசி ஏறிடுச்சு."

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

போன் அடித்தது. எடுக்காமல் அவளையே பார்த்தான். மூச்சு விடுகிறாள். வயிறு அசைகிறது. எடுத்தான். யாரோ அழுதார்கள். வண்டி வேண்டுமாம்.

அப்பாடா, வேறு யாரோ. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"சொல்லுங்க, எங்க வரணும்?"

"எங்கயும் வர வேணாம்ணே. வண்டி எங்க வாசலைப் பார்த்துதான நிக்குது? அம்மா தைச்சுட்டே இருந்தாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க."

எதிர்வீட்டுத் தையல்காரம்மா. பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னவர்.

மனைவி நிமிரவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கவனிக்கவே இல்லையாங்க?" என்றாள் மெதுவாக. "பின்கதவு எந்த வாசலைப் பார்த்து நின்னுச்சோ, அங்கதான் உயிர் போச்சு. அதான் திருப்பி நிறுத்துனேன்."

எதிர்வீட்டில் ஒப்பாரி எழுந்தது. அவன் ஒயரைக் கழற்றினான். அவளைத் திட்டத் திரும்பினான். ஆனால் அவன் கண் தெரு நெடுக ஓடியது. இன்னும் எத்தனையோ வாசல்கள் இருந்தன.