போனுக்குப் பின்னால் நின்ற ஆள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கேள்வியாக அது கடைக்குள் நடந்து வந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். போன சித்திரையில் ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்து, கவுண்டரில் போனை வைத்தார். திரையில் அவருடைய படம்.

“ஏம்மா, இது டைமர்ல எடுத்ததுனு போனுக்குள்ள எங்கயாச்சும் பதிஞ்சிருக்குமா?”

“இல்லக்கா. தேதி இருக்கும், நேரம் இருக்கும். யாரு எடுத்தாகன்னு இருக்காது.”

“யாரும் எடுக்கலன்னு?”

“அதுவும் இருக்காதுக்கா.”

அவர் பேரை தேவிபிரியா என்று மாற்றிவிட்டேன். ஊரைத் தூக்கித் திருச்சுழிப் பக்கம் வைத்துவிட்டேன். படத்தை மட்டும் மாற்றவில்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘வெயில் ஊரைத் தின்றுகொண்டிருந்த ஒரு மாலையில் தேவிபிரியா தன்

(வேண்டாம். எங்கள் பக்கம் கதை எழுதுகிற எல்லோருக்கும் முதல் வரியை வெயிலே எழுதிக் கொடுத்துவிடுகிறது.)

தொடக்கம் இரண்டு: ‘யார் உதவியும் இல்லாமல் உங்களை நீங்களே அழகாகப் படமெடுக்க வேண்டுமா?’

(விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். இருக்கட்டும்.)

தேவிபிரியாவின் புருசன் சௌந்தர் கத்தாரில் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தான். படம் கேட்டது அவன்தான்.

“என்ன புள்ள, செல்பில மூக்கு மட்டும் முன்னால வந்து நிக்கிது. தள்ளி நின்னு முழுசா ஒண்ணு அனுப்பு. ரூம்ல அவனவன் பொண்டாட்டி படத்த வச்சுக்கிட்டுப் பீத்துறானுக.”

“யாரு எடுக்குறது? அத்தைட்டக் குடுத்தா எந்தலையக் காணோம்.”

“அதுக்கு நான் பறந்தா வர முடியும்?”

பக்கத்து வீட்டில் யாரிடமும் கொடுக்க முடியாது. புருசன் வெளிநாட்டில் இருக்கிறவள் சீலையை மாற்றிக்கொண்டு நின்று இன்னொருவரிடம் போனை நீட்டினால், படம் கத்தாருக்குப் போவதற்குள் பேச்சு காரியாபட்டிக்குப் போய்விடும். அதனால் தானே கற்றுக்கொண்டாள்.

3

கற்றுக்கொண்ட விதத்தை விவரமாகவே எழுதுகிறேன். (பின்னால் தேவைப்படும்.)

வற்றிக் கிடந்த கண்மாய்க்குள், சீமைக்கருவேலங் கம்பில் கவட்டையாக ஒன்றை வெட்டி ஊன்றினாள். கவட்டையில் போனைச் செருகினாள். தான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டு, போனில் பார்த்து, பிறகு போய் அந்தச் செருப்பிலேயே காலை நுழைத்துக்கொண்டாள். சாயங்கால வெயில் போனுக்குப் பின்னாலிருந்து முகத்தில் விழ வேண்டும். கண் கூசும். அதனால் டைமர் ஓடுகிறவரை கண்ணை மூடியிருந்து, கடைசியில் திறக்க வேண்டும்.

பெரிய தொல்லை சூடுதான். வெயிலில் வைத்ததும் போன் கொதித்து, கேமரா தானாக அணைந்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். துண்டை நனைத்து, லென்ஸ் மட்டும் தெரியும்படி போனைச் சுற்றிக் கவட்டையோடு கட்டினாள்.

இனிச் சிரிப்பு. லென்ஸைப் பார்த்துச் சிரித்தால் பல் வலிக்காரி மாதிரி இருந்தது. அதனால் லென்ஸுக்குச் சற்று மேலே பார்த்தாள். ‘மூக்கு மட்டும் முன்னால வந்து நிக்கிது’ என்று சௌந்தர் சொன்னதை நினைத்தாள். சிரிப்பு தானாக வந்தது.

அன்றைக்கு விழுந்ததுதான் அந்தப் படம். நானும் பார்த்தேன். எங்கள் ஊர்க் கல்யாண போட்டோகிராபர்கள் யாரும் அப்படி எடுத்ததில்லை.

4

முதலில் அதைப் பார்த்துப் பாராட்டியவன் சௌந்தரின் ரூம்காரன்.

“எடுத்தவன் கைகாரன்ப்பா.”

அந்த ஒரு வார்த்தைதான். சௌந்தர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவள் காலடியை நோக்கி நீளமாக ஒரு நிழல் வந்துகொண்டிருந்தது. ஒல்லியான உடம்பு, தலையில் முண்டாசு. உடனே போன் அடித்தான்.

“யாரு அது?”

“எது?”

“முண்டாசு கட்டுனவன்.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கவட்டை, ஈரத்துண்டு, செருப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“சரி. யாரப் பாத்துச் சிரிச்ச?”

“ஒங்கள நெனச்சுத்தான்.”

மற்றதையெல்லாம்கூட அவன் பாதி நம்பியிருப்பான். இதை நம்பவில்லை.

5

(இந்த இடத்தில் கதை நொண்டுகிறது. இதுவரை எழுதியதைத் தோழி சுமதியிடம் காட்டினேன்.

“நல்லாருக்குடி. ஆளு யாரு?”

“ஆளே கிடையாது. அதானே கதை.”

“ஆளு இல்லாம என்னடி கதை? ஒருத்தனப் போடு.”

போட்டுப் பார்த்தேன். பொன்ராஜ் என்று பெயர் வைத்தேன். ஆடு மேய்க்கிறவன், நல்லவன், ‘அவள் கண்ணைத் திறந்தபோது எதிரில் பொன்ராஜ்

அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் அவன் வந்ததுமே கதை கிடுகிடுவென்று ஓடியது. அதுதான் கசக்கிறது. சௌந்தர் மனதிலும் இவன் இப்படித்தான் வந்து நின்றிருப்பான். என்னைப்போல அவனை அடித்துவிட சௌந்தருக்கு மனசு வரவில்லை.)

6

மறுநாள் சாயங்காலம் தேவிபிரியா மாமியார் முத்துத்தாயைக் கையோடு கண்மாய்க்குக் கூட்டிப்போனாள். அதே கம்பு, அதே துண்டு. வீடியோவை ஓடவிட்டு, போனிலிருந்து செருப்புக்கு நடந்து, நின்று, சிரித்து, திரும்பி வந்தாள். சிரிப்பு மட்டும் வரவில்லை, உதட்டை இழுத்துவைத்தாள்.

“பாத்தீகளா அத்தை, நிழலு? முண்டாசு மாதிரி இருக்குல்ல?”

“இருக்குத்தா.”

“அத ஒங்க மகன்ட்டச் சொல்லுங்க.”

முத்துத்தாய் போனை வாங்கிச் சொன்னாள்: “கம்பு இருக்குடா. துண்டும் இருக்கு. அன்னைக்கு ஆளு இருந்துச்சா இல்லையான்னு நான் என்னத்தக் கண்டேன்?”

வீடியோவுக்கு சௌந்தரிடமிருந்து இப்படிப் பதில் வந்தது: “இது இன்னைக்கு எடுத்தது. நல்லா நடிச்சிருக்க. யாருன்னு சொல்லு. இல்லைன்னா போன அம்மாட்டக் குடுத்துட்டு ஒங்கப்பன் வீட்டுக்குக் கெளம்பு.”

அப்பன் வீட்டுக்குப்* போகிற வழியில்தான் எங்கள் கடைக்கு வந்தார்.

* மல்லாங்கிணறு. அருப்புக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். துணிப்பை கையில் இருந்தது. போனை மாமியாரிடம் கொடுக்காமல் வந்திருந்தார்.

7

முடிவு ஒன்று: போனுக்குள் ஆதாரம் இருக்கிறது. நான் எடுத்துக் காட்டுகிறேன். சௌந்தர் அழுகிறான். (இல்லை. அந்தப் பதிலை முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.)

முடிவு இரண்டு: சௌந்தர் லீவில் வருகிறான், கம்பைப் பார்க்கிறான், நம்புகிறான். பிறகு ஆயுசு முழுக்கத் தான் நம்பியதைச் சொல்லிக்காட்டுகி

முடிவு மூன்று, நடந்தது: தேவிபிரியா கவுண்டரில் சாய்ந்துகொண்டார். பிறகு போனை எடுத்து, தாடைக்குக் கீழே பிடித்தார். மேலே டியூப்லைட். மூக்கு பெரிதாக, நெற்றி பாதியாக, ஒரு கண் மூடி, விரல் ஓரத்தில் தெரிய, ஒன்று எடுத்தார். அழகாக எடுக்கத் தெரிந்தவரால்தான் அவ்வளவு மோசமாகவும் எடுக்க முடியும். கீழே எழுதிச் சௌந்தருக்கு அனுப்பினார்: ‘இனிமே இப்படித்தான் எடுப்பேன்.’

பதில் உடனே வந்தது. எனக்குக் காட்டினார்.

‘இப்பத்தான் எம்பொண்டாட்டி மாதிரி இருக்க. போனதப் பேச வேணாம். வீட்டுக்குத் திரும்பிப் போ.’

“மன்னிச்சிட்டாகளாம்” என்றார். சிரிக்கவில்லை. “செய்யாததுக்கு.”

திருச்சுழி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகிறவர் போனை என் பக்கம் தள்ளினார். கண்மாய்ப் படம் திரையில் இருந்தது.

“இத நீ அழிச்சிரு தங்கச்சி. எனக்குக் கை வரல.”

8

இதற்கு மேல் எழுத மாட்டேன். பஸ் நிற்கிறது, அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், போன் ‘நீக்கவா?’ என்று கேட்கிறது. விரலை உங்களிடம் தருகிறேன்.

அமுக்குவதற்கு முன்னால் அந்த நிழலை நீங்கள் இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். தெரியும். கம்பும் துண்டும் என்று மூன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன்.