பழைய படத்துக்குப் புதிய சான்றிதழ்

தணிக்கை அதிகாரிக்கு அந்தப் படம் மனப்பாடம். முப்பத்தோரு வருடங்களுக்கு முன் ‘எல்லா வயதினரும் பார்க்கலாம்’ என்று அதற்குச் சான்றிதழ் கொடுத்ததே அவர்தான். அதிலிருந்த முத்தத்தில் பதினான்கு வினாடிகளை வெட்டச் சொல்லிவிட்டு, நாட்டையே காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்குப் போன மனுஷர். இப்போது படத்தைப் புதுப்பித்து, வெட்டிய முத்தத்தையும் ஒட்டி, மறுபடி திரையிடப் போகிறார்கள். அலுவலகத் திரையரங்கில் அந்த முத்தம் வந்தபோது குழுவிலிருந்த டாக்டரம்மா கொட்டாவி விட்டார்.

அடுத்து, எதிர்த்துப் பேசிய மனைவியைக் கதாநாயகன் அறையும் காட்சி. மொத்தம் ஏழு அறை. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு மூட்ட ஒரு மேளச் சத்தம். பழைய அறிக்கையில் இந்தக் காட்சிக்கு நேரே அதிகாரியின் கையெழுத்திலேயே இருந்தது: ‘நல்ல நகைச்சுவை.’ அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

“இதைச் சின்னப் பிள்ளைங்களுக்குக் காட்ட முடியாது. பன்னிரண்டு வயசுக்கு மேலன்னுதான் போடணும்” என்றார்.

தயாரிப்பாளர் பழைய சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். “இது யார் கையெழுத்து சார்? அன்னிக்குத் தூங்கிட்டிருந்தீங்களான்னு ஊரே கேக்கும். ஓய்வு பெறப்போற நேரத்துல எதுக்கு வீண் வம்பு?”

காலையில் முடிவு சொல்வதாக அதிகாரி எழுந்துவிட்டார். ஆயுசு முழுக்கச் சேர்த்த நல்ல பெயரைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்?

வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

“கல்யாணமாகி பத்தாவது நாள், நான் பாஸ் பண்ணின படம்னு பெருமையா கூட்டிட்டுப் போனீங்க. அந்த இடத்துல விழுந்து விழுந்து சிரிச்சீங்க.”

“எல்லாரும்தானே சிரிச்சாங்க?”

“எல்லாரோடயுமா நான் குடித்தனம் பண்ணினேன்? நீங்க என்னை ஒருநாளும் அடிச்சதில்லை. ஆனா ரெண்டு வருஷம், மறுத்துப் பேசறதுக்கு முன்னாடி உங்க கையைப் பாத்துட்டுத்தான் வாயைத் திறந்தேன்.”

மனைவி பரம சாது என்று இத்தனை காலம் பீற்றிக்கொண்டவர் அவர். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“தைரியமா எழுதுங்க. என்னைப் பத்திச் சொல்லணும்னாலும் சொல்லுங்க” என்றார் மனைவி.

மறுநாள் குழுவின் முன்னால் உட்கார்ந்து அவர் எழுதினார்: ‘முத்தத்துக்கு ஆட்சேபணை இல்லை. ஏழு அறைகளுக்கும் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் மட்டும். முன்பு நான் தந்த சான்றிதழ் தவறு.’

தயாரிப்பாளர் மேஜையைத் தட்டினார். “குடும்பம் குடும்பமா பாத்த படம் சார் இது! இதனால பாதிக்கப்பட்டவங்க ஒருத்தரைக் காட்டுங்க, பேசாம போயிடறேன்.”

“என் மனைவி” என்றார் அதிகாரி. “பக்கத்து சீட்ல உக்காந்து சிரிச்சவன் நான்.”

டாக்டரம்மா அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, அவர் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.