ஹெர்பர்ட் மாஸ்டர் முடிக்காத ஆமென்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட்ஸ் டவுன் தேவாலயப் பாடகர் குழுவில் நானும் ஜெயராஜும் தோளோடு தோள் நின்று பாடியவர்கள். நான் அடிக்குரல் பேஸ், அவன் மேல்குரல் டெனர். இப்போது இருவருக்கும் பென்ஷன் வாங்குவதைத் தவிர வேறு வேலையில்லை. 1961-இல் ஹெர்பர்ட் மாஸ்டர் எங்களைப் பாடவைத்த கடைசி ஆராதனையில் அந்த ஆமென் எவ்வளவு நேரம் நீண்டது என்பதுதான் சண்டை. ஆமென் தொடங்கும்போது சிவாஜி நகரில் கிளம்பிய பஸ், அது முடிவதற்குள் லிங்கராஜபுரம் போய்த் திரும்பிவிட்டது என்றேன்.

"புருடா உடாத அலெக்சாண்டரு," என்றான் ஜெயராஜ். "ஞாயித்துக்கெழம காலைல எந்த பஸ்ஸு நேரத்துக்குக் கெளம்புச்சி?"

ஆமென் நீண்டதை அவன் மறுக்கவில்லை, கவனியுங்கள்.

2

முதல் தொடக்கம்: "தேசம் விடுதலை பெற்ற அதே ஆண்டில், ஒரு கையில் இசைக்கவையும் மறு கையில்..."

வேண்டாம். மறு கையில் குடைதான் இருந்தது. கதாநாயகனுக்கு அழகில்லை.

இரண்டாவது: ஹெர்பர்ட் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். 1947-இல் எங்கள் குழு அவர் கைக்கு வந்தபோது, மில் தொழிலாளி, தபால் குமாஸ்தா, நர்ஸ் என எல்லோரும் ஒரே மெட்டை யார் அதிகம் கத்துவது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். மாஸ்டர் எங்களை நான்கு குரலாகப் பிரித்தார். இசைக்கவையை முழங்காலில் தட்டி, காதருகே வைத்து, எங்கள் சுருதியைக் கேட்டு முகம் சுளிப்பார். சில வருஷங்களில் மெட்ராஸிலிருந்து ஆள் வந்து கேட்கும்படி ஆகிவிட்டோம். கூரையிலிருந்த புறாக்களே நான்கு குரலில் முனகத் தொடங்கின. (இந்த வரியை அடிக்கச் சொல்கிறான் ஜெயராஜ். மாட்டேன்.)

3

இனி ஜோசஃபின். அவள்தான் ஆர்கன் வாசித்தவள். உண்மையில் இரண்டு பேர் மாறி மாறி வாசித்தார்கள். வாசகர் குழம்பக் கூடாதென்று ஒருத்தியை எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் மன்னிக்க வேண்டும்.

காலால் மிதித்துக் காற்றூட்டும் ஆர்கன் அது. வாசிப்பவளின் முதுகுதான் எங்கள் பக்கம் இருக்கும். அதனால் எதிர்ச் சுவரில் சவரக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் அவள் மாஸ்டரின் கையைப் பார்ப்பாள். அவர் அதில் அவள் கண்களைப் பார்ப்பார். "கொஞ்சம் மெதுவா, ஜோசஃபின்." "சரி மாஸ்டர்." அத்தனை வருஷமும் பேச்சு இவ்வளவுதான்.

[இங்கே ஒரு காதல் காட்சி எழுதிப் பார்த்தேன். கோல்ஸ் பார்க், மழை, இருவருக்கும் ஒரே குடை. மனுஷன் குடையை அவளிடம் நீட்டிவிட்டுத் தனியாக நனைந்துகொண்டே போய்விட்டார். காகிதத்தில்கூட அவரைத் திருத்த முடியவில்லை.]

4

மெட்ராஸில் ஒரு பெரிய கல்லூரி இசைத்துறையைப் பார்த்துக்கொள்ள அவரை அழைத்தது. வாழ்நாள் முழுக்க அவர் ஏங்கிய வேலை. ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் ஆர்கனருகே போய் நின்றார். நான் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். (நிதானமாக. மிக நிதானமாக.)

"மெட்ராஸ்ல கூப்பிடறாங்க. போகட்டுமா?"

ஜோசஃபின் கண்ணாடியைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"போங்கன்னு சொல்ல என்னால ஆவாது மாஸ்டர். நீங்க என்னயப் பத்தி ஒரு வார்த்த கேக்காம, இருங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவர் வாய் திறந்தது. நானும் தாள் அடுக்குவதை நிறுத்திவிட்டேன். கடைசியில் வந்தது இதுதான்:

"ஞாயித்துக்கெழம ஆமென்ல, நான் கைய மூடற வரைக்கும் கடைசி சுரத்த விடாதீங்க."

"சரி மாஸ்டர்."

5

எங்கள் குழுவில் விதி ஒன்றே. மாஸ்டரின் கை விரிந்திருந்தால் சுரம் நிற்க வேண்டும். விரல்கள் மூடினால் எல்லோரும் ஒரே கணத்தில் விட வேண்டும். அந்த ஞாயிறு, கடைசி ஆமெனில் கை உயர்ந்தது, விரிந்தது, மூடவில்லை. மூடினால் ஆராதனை முடியும்; முடிந்தால் மெட்ராஸ் ரயில்.

முதலில் உச்சக்குரல் பாடும் சோப்ரானோப் பெண்கள் ஓய்ந்தார்கள். எங்கள் நர்ஸ் பிரிஜெட் பெஞ்சில் உட்கார்ந்தேவிட்டாள். ஜெயராஜ் மூச்சு முட்டி நீலமானான். கடைசிவரை நின்றது நான்தான். (மறுப்பதானால் அவன் தனியாகக் கதை எழுதட்டும்.) பிறகு நானும் ஓய்ந்தேன். ஆர்கன் மட்டும் ஒலித்தது. பாதிரியார் தொண்டையைச் செருமிப் பார்த்தார்.

அப்போது ஜோசஃபின், கட்டைகளிலிருந்து விரலை எடுக்காமல், மிதிப்பதை நிறுத்தாமல், உடம்பைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள்.

மாஸ்டர் விரல்களை மூடினார், அவ்வளவுதான் என்பது ஜெயராஜ் சொல்லும் முடிவு. முழுச் சபையின் முன்னால் அவளிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார் என்று நானும் ஒரு முடிவு எழுதினேன், நன்றாகவே வந்திருக்கிறது. நடந்தது எது என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதானே இருந்தேன்.

ஆனால் எழுதமாட்டேன். எந்த முடிவை எழுதினாலும் அந்தக் கை இறங்கிவிடுகிறது. அவசரமென்றால் நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்து, அவள் கால் வலிக்கும் வரையாவது.