இறங்காத பேரிங்

"ஒரு தடவை ஏறினா ஆயுசுக்கும் இறங்காது, மாப்ள" என்று பேரிங்கைக் காட்டி யூனுஸ் சொன்னபோது மலைச்சாமியும் சேர்ந்துதான் சிரித்தான். அப்போது இருவருக்குமே அது நல்ல செய்தியாகப் பட்டது.

யுத்தம் தொடங்கியபின் மதுரையில் பேரிங் கண்ணில் காணாத பொருளாகிவிட்டது. பழைய இரும்புக் கடையில் கேட்டால் கடைக்காரர்களே சிரித்தார்கள். அவனியாபுரத்தில் யூனுஸ் வீட்டுப் பின்கட்டில் சொந்தமாகக் கட்டிய கடைசல் இயந்திரம் அந்த ஒரு சாமான் இல்லாமல் முடங்கிக் கிடந்தது. மலைச்சாமி ஓட்டும் பேரையூர் பஸ்ஸும் அதே தெருக்கோடியில் நின்றுபோயிருந்தது. அதற்கு முன்சக்கரம் திரும்பத் தாங்கும் முளையான கிங்பின் தேய்ந்துவிட்டது. பட்டறைகளெல்லாம் பட்டாளத்து வேலையில் மூழ்கியிருந்ததால் புதிது கடைந்து கொடுக்க ஆளில்லை.

மலைச்சாமிதான் யோசனை சொன்னான். பஸ்ஸின் சக்கரத்திலிருக்கும் பேரிங்கைக் கழற்றித் தருவது. அதை மாட்டி யூனுஸ் கிங்பின்னைக் கடைவது. பிறகு பேரிங்கைத் திரும்ப பஸ்ஸிலேயே பூட்டுவது.

யூனுஸ் தன் மனைவி சபியாவின் வடைச்சட்டியில் எண்ணெய் காய்ச்சி, பேரிங்கை அதிலிட்டுச் சூடாக்கி, இயந்திரத்தின் சுழல் குழாயில் ஒரே தள்ளாகத் தள்ளினான். ஆறியதும் இரும்பு இரும்பைக் கவ்விக்கொண்டது. கிங்பின் கண்ணாடிபோல் கடைந்து வந்தது. பஸ்ஸில் பூட்டியும் ஆயிற்று.

இப்போது பேரிங் இறங்கவில்லை.

கொதிக்கும் எண்ணெயை ஊற்றிப் பார்த்தார்கள். குழாயும் சேர்ந்து சூடேறியதே தவிர பிடி விடவில்லை. நடுப்பகலுக்கு பஸ் முதலாளி கல்யாணராமன் வருவார். வண்டி ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று முடிவாகச் சொல்லியிருந்தார். மலைச்சாமி சுத்தியலை எடுத்தான்.

"தொடாத! வெளிவளையத்துல அடிச்சா உள்ள குண்டு அழுந்தி வளையத்துல பள்ளம் விழுந்துரும்."

"அப்ப ஊதி இறக்கு! வண்டி போச்சுன்னா என் சோறும் போச்சுல்ல?"

அடுப்படியிலிருந்து சபியாவின் குரல் வந்தது: "ஆயுசுக்கும் இறங்காதுன்னு பெருமையடிச்சீகளே, அல்லா கேட்டுட்டான்."

யூனுஸ் இயந்திரத்தின் பக்கம் குனிந்தான். குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நேராக்கி, அரம்போட்டு, மெருகேற்றி முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிருந்தது.

"ரம்பத்தை எடு."

"எதை அறுக்கப்போற?"

"குழாயை."

"மாப்ள, உன் மெஷினு..."

"பேசாமப் பிடி."

பேரிங்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழாய் அறுந்து விழுந்தது. உள்ளே மாட்டிய துண்டு மட்டும் மிச்சம். ரம்பத் தகட்டை அதன் துவாரத்துக்குள் நுழைத்து, உள்ளிருந்து வெளிப்புறமாக யூனுஸ் அறுக்கத் தொடங்கினான். கண்ணுக்குத் தெரியாத வேலை, காதுதான் துணை. குழாய் கரகரவென்று கத்தும். பேரிங்கின் உள்வளையம் ரம்பம் ஏறாத கெட்டி எஃகு. ரம்பப் பல் அதில் பட்டால் கீச்சென்று வழுக்கும். அதற்குமேல் ஓர் இழுப்புக்கூடக் கூடாது.

தெருவில் ஜட்கா வந்து நிற்கும் சத்தம்.

"முதலாளி வந்துட்டாரு!"

"கையை ஆட்டாத."

கீச்.

யூனுஸ் உறைந்து நின்றான். வெட்டின் ஓர் ஓரம்தான் வளையத்தைத் தொட்டிருந்தது. தகட்டைச் சற்றே சாய்த்து மறு ஓரத்தை இழுத்தான். கரகர... கரகர... கீச். உளி முனையை வெட்டுக்குள் கொடுத்து நெம்பினான். துண்டு உள்பக்கம் சுருண்டு கீழே விழுந்தது.

பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, விரலில் மாட்டிச் சுற்றிக் காதருகே பிடித்தான். ஒரு நெருடல் இல்லை. அவன் தலையசைக்கும் முன்பே மலைச்சாமி அதைப் பிடுங்கித் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினான். தெருக்கோடியில் அவன் முதலாளியிடம் ஏதோ சாக்குச் சொல்வதும், பிறகு சக்கரம் பூட்டும் சத்தமும் கேட்டன.

பஸ் உறுமிக்கொண்டு வாசலைக் கடந்தபோது முன்சீட்டில் கல்யாணராமன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மலைச்சாமி வெளியே தலையை நீட்டினான்.

"அடுத்த பேரிங் எங்க கெடைச்சாலும் உனக்குத்தான் மாப்ள! இம்புட்டு இறுக்கமா மட்டும் மாட்டிராத!"

யூனுஸ் பின்கட்டுக்குத் திரும்பி, அறுந்த குழாயின் இரண்டு துண்டுகளையும் இயந்திரத்தின் மேல் எடுத்து வைத்துப் பார்த்தான். நடுவே ஒரு பேரிங் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.