சேறு அழிக்காத பெயர்

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவை வராமல் இருக்கக் கூடாதா என்று ஞெலெட்டி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பதினொரு யானைகளும் பிரிட்டோரியாவில் நாட்டுத் தலைவர் குடியிருக்கும் மாளிகையின் புல்வெளிக்கு வந்து, நீச்சல் குளத்துத் தண்ணீரை உறிஞ்சி முதுகில் பீய்ச்சிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன.

இருபத்தைந்து வருடமாக விடியலில் நடப்பதுதான். வனவிலங்குப் பூங்காவுக்கு இடம் வேண்டும் என்று லிம்போபோ ஆற்றங்கரையில் இருந்த அவளுடைய ஊரை அரசாங்கம் காலி செய்தது. அவரவர் வீட்டுக்கு அவரவர் கையாலேயே தீ வைக்கச் சொன்னார்கள். அவள் மாளிகையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அந்த ஆற்றில் குளித்துவந்த யானைகளும் நடந்தே வந்து சேர்ந்தன. வெள்ளைக்கார எஜமானர்களின் கண்ணுக்கு அவை தெரியவில்லை. மாடிவரை தெறித்திருந்த சேறு மட்டும் தெரிந்தது. குழாய் கசிகிறது என்றார்கள். நாற்பது குழாய்க்காரர்கள் வந்து போனார்கள். உண்மையைச் சொன்னால் துப்பாக்கி வரும் என்று ஞெலெட்டி தினமும் சுவரைக் கழுவினாள். அவளை ஆன்னா என்று கூப்பிட்டார்கள். அதையும் அவள் திருத்தவில்லை.

பிறகு கறுப்பு ஜனங்களும் முதல்முறையாக மைல் கணக்கில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். புதிய தலைவர் குடிவந்தார். வீட்டுக்குப் புதுப் பெயர் வைக்கும் பொறுப்பு, அவளுடைய ஜனத்துப் பையனான அதிகாரி பலோயிக்கு வந்தது. வீரர்களின் பெயர், மலையின் பெயர் என்று ஏழு பலகைகள் மாட்டினான். ஏழையும் விடிவதற்குள் சேறு அழித்துவிட்டது. எட்டாம் நாள் விடியும்வரை அவனே காவல் இருந்தான்.

"ஆன்னாம்மா, நான் பாத்தது நெசமா?"

"பாத்தா பாத்ததுதான். வாய மூடு, ஈ நுழைஞ்சிடும்."

"எத்தன மணிக்கு வருதுங்க?"

"நம்ம ஊர்ல மணியா பாத்தோம்? மஹ்லாம்பா ந்த்லோப்ஃபு, யானை குளிக்கிற நேரம்னுதானே விடியலச் சொல்லுவோம். பட்டணத்துப் புள்ளைக்கு ஒங்கம்மா இதக்கூடவா சொல்லித் தரல?"

அவன் அதையே எழுதி மாட்டினான். மறுநாள் சுவர் முழுக்கச் சேறு. பலகை மட்டும் துடைத்துவிட்டதுபோல் பளபளத்தது. கிழிந்த காதுள்ள மூத்த யானையின் தும்பிக்கை ஈரம் அதில் காயாமல் இருந்தது.

இன்று திறப்பு விழா. வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள். யானைகள் சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போனதும் பலோயி வாளியும் தேய்ப்பானுமாக ஓடிவந்தான். இதற்குத்தான் அவள் பயந்திருந்தாள்.

"ஆன்னாம்மா, பத்து மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க. பலகை இருக்கட்டும், இந்தச் சுவத்த மட்டும்..."

பழக்கத்தில் அவள் கை நீண்டது. சேற்றை முகர்ந்தாள். லிம்போபோ வாசனை. இத்தனை வருடமாக எதைத் தேய்த்துத் தேய்த்துச் சாக்கடையில் விட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாளியை வாங்கிக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மாட்டேன் தம்பி. விருந்தாளிங்க கேட்டா, ஞெலெட்டி கழுவ மாட்டேன்னுட்டான்னு சொல்லு."