ஏழு நிமிடத் தாள்

காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அந்தத் தாள் எங்கள் வரிசைக்கு வரும். ‘இடைவேளை, ஏழு நிமிடம். எழுந்து நின்று கைகால்களை அசைத்தேன்’ என்று அச்சடித்திருக்கும். கீழே கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் கேட்பதால் தாள். யாரும் எழுந்ததில்லை. காதில் அழைப்பு ஓடிக்கொண்டிருக்க, ஒரு கையால் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம்.

மனிசாலெஸ் நகரில், ஒரு கைபேசி நிறுவனத்துக்காகப் புகார் கேட்கும் மையம் எங்களுடையது. நானும் பதினோரு மாதம் கையெழுத்துப் போட்டேன். உயிரியல் படித்தவள். உட்கார்ந்தே இருந்தால் கெண்டைக்கால் தசை சுருங்காது, ரத்தம் மேலே ஏறாமல் தேங்கும் என்று படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் போட்டேன். எழுதிக் கொடுத்ததைத் தொலைபேசியில் படிப்பேன். மற்றபடி எனக்குப் பேச வராது.

பக்கத்து நாற்காலி மார்லெனி அக்காவுடையது. மே மாதம் அவளுடைய இடது கால் வீங்கிப் பளபளத்தது. ரத்தக்கட்டி. மூன்று வாரம் கழித்து, தொடை வரை இறுக்கமான காலுறையோடு வந்தாள்.

“மணிக்கொரு தரம் எழுந்து நடக்கணுமாம் நோரெலி. மறுபடி கட்டி வந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார்.”

அனுமதி கேட்டாள். மேற்பார்வையாளர் உபெர்னெய் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தனியா எதுக்கு அனுமதி? தினமும் ரெண்டு தரம் எழுந்திருக்கீங்களே. நானூறு கையெழுத்து, பாருங்க.”

“நாங்க யாரும் எழுந்ததில்லைன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சது தாள்தான் அக்கா.”

அக்கா சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போனவள் நெடுநேரம் வரவில்லை. அந்த நானூறு தாளிலும் அவள் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குத் தாள் வந்தது. என் காதில் பாஸ்தோ ஊரிலிருந்து ஓர் அம்மா.

“அம்மா, ஏழு நிமிஷம் காத்திருக்க முடியுமா? நான் எழுந்து நிக்கணும்.”

“நில்லு கண்ணு. சிக்னலுக்காக நான் அரை மணி நேரமா மொட்டை மாடியிலதான் நிக்கிறேன்.”

ஹெட்போனைக் கழற்றினேன். எழுந்தேன்.

“அக்கா, எழுந்திருங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? மாசக் கடைசியில உன் ஒப்பந்தம் முடியுதுடி.”

“குதிகாலைத் தூக்குங்க. இறக்குங்க. மறுபடியும்.”

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள்.

எதிரே தகோபெர்த்தோ, வாய் நிறைய அரேப்பா சோள ரொட்டியோடு நிமிர்ந்தான். “அட, விஞ்ஞானிக்குப் பேச்சு வருது!” அரேப்பாவை விழுங்கினான். எழுந்தான். “நானும் குதிக்கவா? கீழ் மாடிக்காரங்க மேல விழுந்தா நான் பொறுப்பில்ல.”

வரிசையில் பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள்.

உபெர்னெய் ஓடி வந்தார். காத்திருக்கும் அழைப்புகளைக் காட்டும் சுவர்த்திரை சிவந்திருந்தது. “முப்பத்திநாலு பேர் லைன்ல காத்திருக்காங்க! உட்காருங்க!”

“மூணு நிமிஷம்தான் ஆச்சு,” என்றேன்.

ஏழு முடிந்த பிறகுதான் உட்கார்ந்தேன். பாஸ்தோ அம்மா இன்னும் லைனில் இருந்தாள். தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் மெமோ வந்தது. எனக்கு மட்டும். ‘காலை பத்து மணிக்கு ஏழு நிமிடம் பணியை நிறுத்தியதற்கு விளக்கம் தரவும்.’

ஒரு வரி எழுதினேன்: ‘தாளில் அச்சிட்டிருந்ததைச் செய்தேன்.’ தாளின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன்.

உபெர்னெய் இரண்டு முறை படித்தார். என் மேசைக்கு வந்து குனிந்தார். “இதை எப்படிம்மா மேல அனுப்புவேன்? எழுந்தது தப்புன்னா, இத்தனை வருஷத் தாளும் பொய்யின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே.”

“அனுப்புங்க.”

“உடம்பு சரியில்லைன்னு மாத்தி எழுது. விட்டுடறேன்.”

“உடம்பு சரியாத்தான் இருக்கு. அப்படியே இருக்கணும்னுதான் எழுந்தேன்.”

அவர் மெமோவை மடித்தார், பிரித்தார். மணி மூன்று. தாள் வரவில்லை.

மார்லெனி அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாற்காலி பின்னால் உருண்டது.

“தாள் எங்க உபெர்னெய்?” என்றாள். “நாங்க எழுந்தாச்சு.”