இரவல் பட்டினி

ஊருக்கெல்லாம் ஒரே கழுதை கிடைத்துவிட்டால் அவரவர் மூட்டையை அதன் முதுகில் ஏற்றிவிடுவார்கள். கழுதையும் அதைத் தன் கடமையென்றே நம்பிவிடும். இராஜபாளையத்தில் சபை ஊழியம் செய்த ஜெபாவின் கதியும் அதுதான். யார் வீட்டில் பிரசவம், பரீட்சை, வழக்கு என்றாலும் அவள் உபவாசம் இருக்கவேண்டும். கேட்டவர்கள் வயிறார உண்பார்கள். நாளடைவில் ஜெபிக்க அமர்ந்தால் வார்த்தை எழவில்லை. வயிறு மட்டும் பேசியது. சென்ற மாதம் ஜெபக்கூட்டத்திலேயே மயங்கி விழுந்தாள். சர்க்கரை உள்ள உடம்பு, இனிப் பட்டினி கூடாது என்றார் மருத்துவர்.

ஆகவே இன்று காலை, செல்லத்தாயின் மகள் ஈஸ்வரியின் பிரசவத்துக்காக உபவாசம் இருக்கவேண்டிய நாளில், ஜெபா இட்லி சாப்பிட்டாள். கை கழுவுமுன் செல்லத்தாய் கைபேசியில் அழைத்தாள்.

"சிஸ்டர், புள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம். ஆபரேஷனுக்குக் கொண்டு போறாவ. சீக்கிரம் வாங்க!"

ஜெபா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தான் உண்ட இட்லிதான் அந்தக் குழந்தையின் மூச்சை அடைக்கிறதோ? ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறுமுன், தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

மருத்துவமனையில் அறுவை அறையின் கதவு சாத்தியிருந்தது. செல்லத்தாய் ஓடிவந்து கைகளைப் பற்றினாள்.

"வாயில பச்சத்தண்ணி படலையே, சிஸ்டர்?"

இல்லை என்று ஒரு பொய் போதும்.

"இட்லி சாப்பிட்டேன்க்கா. இனிமே யாருக்காகவும் பட்டினி கெடக்க மாட்டேன். ஜெபம் மட்டும் பண்ணுவேன்."

செல்லத்தாய் கையை உதறினாள். "எம்மவ உள்ள உசுருக்குப் போராடுதா, ஒங்களுக்கு இட்லி கேக்குதோ?"

ஈஸ்வரியின் கணவன் பாண்டிதுரை சுவரோரமிருந்து முனகினான். "காலையில நாலு பூரிய உள்ள தள்ளுனது யாரு, அத்த?"

"ஏலே, நீ வாய மூடு!"

அதட்டியவள், வாயில் அதக்கியிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஜெபாவின் அருகில் தரையில் அமர்ந்தாள்.

"சரி, நானே பட்டினி கெடக்கேன். சாமிகிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுங்க."

இருவரும் ஜெபித்தார்கள். கதவு திறந்தது. ஆண் குழந்தை, தாயும் நலம் என்றாள் செவிலி. செல்லத்தாய் திரும்பிப் பாராமல் உள்ளே ஓடினாள்.

ஜெபா எழவில்லை. குழந்தை பிழைக்காமல் போயிருந்தால்? அந்த அச்சம் இன்னும் நெஞ்சில் கனத்தது. ஆயினும் இனிப் பட்டினி கிடப்பதில்லை என்று சொன்ன சொல்லை அவள் திரும்பப் பெறவில்லை.